கூடல்வாய் ஒழுகுகிறது: பங்காளி வீட்டை என்ன செய்யலாம்?

முன்னோருக்குப் படையலிடும் குடும்பப் படைப்புக்குப் போன முறை ஊருக்குப் போனபோது, எங்கள் செட்டிநாட்டு வீட்டின் இரண்டாம் கட்டில், அதாவது இரண்டாவது முற்றப் பகுதியில், ஒரு மூலையைத் தென்னந்தட்டி வைத்து மறைத்திருந்தார்கள். தட்டியை நகர்த்திப் பார்த்தேன். இரண்டு பக்கக் கூரையும் வந்து சேரும் கூடல்வாயில் நாலைந்து ஓடு சரிந்திருந்தது. அந்த வழியாக எத்தனை ஐப்பசி மழை உள்ளே இறங்கியதோ, கைமரம் ஒன்று நடுவில் ஒடிந்து தொங்கியது. ஒடிந்த இடத்தைத் தொட்டதும் மாவாக உதிர்ந்தது. பதினைந்து அடி தள்ளி, முதல் கட்டு வளவில், அதாவது முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்தில், பர்மா தேக்குத் தூண்கள் நேற்றுத்தான் நிறுத்தியவை மாதிரி நின்றன.

சாப்பாடு முடிந்ததும் பட்டாலையில் பாய் விரித்து உட்கார்ந்தோம். எங்கள் வீட்டுக்கு இப்போது ஒன்பது பங்கு. சென்னையில் ஐந்து, கோயம்புத்தூரில் இரண்டு, சிங்கப்பூரில் ஒன்று, அமெரிக்காவில் ஒன்று. வியாபாரி ஒருவர் தூண்களுக்கும் முகப்பு நிலைக்கும் விலை சொல்லிவிட்டுப் போயிருந்தார். இன்னொருவர் வீடு மொத்தத்தையும் நீண்ட குத்தகைக்குக் கேட்டிருந்தார். "அப்பச்சி காலத்தில் இருந்த மாதிரியே பூட்டிக் கிடக்கட்டும், என்ன அவசரம்?" என்றார் ஓர் அண்ணன். இரவு பத்து மணி வரை பேசினோம், ஒன்றும் முடியவில்லை. கடைசியில் பெரியண்ணன், "ஒவ்வொரு வழிக்கும் நல்லது கெட்டது எழுதி எல்லாருக்கும் அனுப்பு தம்பி, அப்புறம் பேசிக்கொள்ளலாம்" என்றார்.

அப்படி எழுதியதுதான் இது. இதே பேச்சு காரைக்குடியைச் சுற்றி எத்தனையோ பட்டாலைகளில் நடக்கிறது என்பதால், எங்கள் வீட்டுக் கணக்குகளை எடுத்துவிட்டுப் பொதுவில் வைக்கிறேன்.

எதைக் காப்பாற்றப் பார்க்கிறோம்

செட்டிநாட்டு வீடு என்றால் ஆத்தங்குடித் தரையும், சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த கண்ணாடி போன்ற சுவரும்தான் முதலில் பேச்சில் வரும். புகைப்படக்காரர்களுக்கும் அவைதான் பிடிக்கும். ஆனால் முற்றத்தைச் சுற்றி இறங்கும் கூரை முழுவதையும் தூக்கி நிற்பது மரம். முகப்பில் கஜலட்சுமி செதுக்கிய நிலை, வளவைச் சுற்றித் தூண்கள், தூண் தலையில் போதிகை, அதன்மேல் உத்திரம், உத்திரத்திலிருந்து சரியும் கைமரம், கைமரத்தின் மேல் சட்டம், அதற்கும் மேலே ஓடு. கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்யக் கடல் கடந்து, போன நகரத்தார் 19ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து இரண்டாம் உலகப் போர் வரை பர்மாவிலிருந்து கப்பல் கப்பலாகத் தேக்கு அனுப்பினார்கள். 1942-ல் ஜப்பான் படை ரங்கூனைப் பிடித்தது. ஆயிரக்கணக்கானோர் கட்டிய துணியோடு நடந்தே ஊர் திரும்பினார்கள். 1948-ல் சுதந்திர பர்மா நிலத்தை நாட்டுடைமையாக்கச் சட்டம் போட்டது. அதோடு அந்தப் பணமும் நின்றது, அந்தத் தேக்கும் நின்றது. நம் வளவில் நிற்கும் தூண் அளவுக்கு வைரம் பாய்ந்த மரத்தை இன்று காசு கொடுத்தாலும் புதிதாக வாங்குவது கடினம்.

தேக்கின் வைரத்தில் இயற்கையிலேயே எண்ணெய்ப் பசை உண்டு, கறையான் எளிதில் அண்டாது. இதை நம்பித்தான் எல்லாரும் ஏமாறுகிறோம். வீடு முழுக்கத் தேக்கு என்பது பேச்சுக்குத்தான். பல வீடுகளில் கண்ணில் படும் முதல் கட்டு மட்டுமே பர்மா தேக்கு. பின் கட்டுகளின் கூரைக்கு நாட்டு மரமோ பனங்கையோ போட்டிருப்பார்கள். தேக்கிலுமே வைரத்தை விட்டு வெளிப்பக்க வெண்மரத்துக்கு அந்தப் பலம் கிடையாது. வீடு கெடும் வரிசையும் எப்போதும் ஒன்றுதான். பூனையோ குரங்கோ ஓடி ஓடு நகரும். தண்ணீர் சட்டத்தை நனைக்கும், சட்டம் கைமரத்தை நனைக்கும். கைமரத்தின் முனை சுவருக்குள் புதைந்திருக்கும் இடத்தில் ஈரம் தங்கும். ஈரம் தேடிக் கறையான் வரும். கூரை இறங்கினால் சுண்ணாம்புச் சுவர் ஊறிச் சரியும். தூண் மட்டும் கடைசி வரைக்கும் நிற்கும். நாம் பெருமையாகத் தடவிப் பார்ப்பது கடைசியில் போவதை. முதலில் போவதை ஏணி வைத்து ஏறிப் பார்க்க ஆள் இல்லை.

அதனால் எல்லா வழிகளையும் ஒரே கேள்வியை வைத்துத்தான் ஒப்பிட்டேன். ஐப்பசி மழைக்கு முன்னால், ஆவணி புரட்டாசியில், வருஷா வருஷம் கூரையில் ஏறுவது யார்?

பூட்டி வைப்பது

பெரும்பாலான வீடுகளின் நிலைமை இதுதான். இதை ஒரு முடிவு என்று யாரும் சொல்வதில்லை, ஆனால் இதுவும் ஒரு முடிவு. நல்ல பக்கம் ஒன்று உண்டு. படைப்பு, கல்யாணம், மணிவிழாச் சாந்தி எதுவானாலும் வீடு நம் கையில் இருக்கிறது. யார் காலிலும் விழ வேண்டாம். அவரவர் இரட்டை அறையில் அவரவர் சாமான். யாரும் கையெழுத்துப் போட வேண்டியதில்லை என்பதாலேயே சண்டையும் இல்லை.

கெட்ட பக்கம் அந்த இரட்டை அறைகளில்தான் இருக்கிறது. வளவைச் சுற்றி ஒவ்வொரு பங்குக்கும் ஒரு சோடி அறை, ஒவ்வொன்றுக்கும் தனிப் பூட்டு, சாவி ஒன்பது திசையில். உள்ளறைக் கூரை ஒழுகினால் வெளியில் நிற்பவருக்குத் தெரியாது. வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் வளவைக் கூட்டுவார், விளக்கேற்றுவார், வாசலில் கோலம் போடச் சொல்வார். பூட்டின அறைக்குள் அவர் எப்படிப் போவார்? எங்கள் வீட்டில் ஓர் அறையைப் பல வருஷம் கழித்துத் திறந்தபோது கட்டில் மேல் கறையான் புற்று இருந்தது. அப்பத்தாவின் கல்யாணப் பாய் அதற்குள் போய்விட்டது. அன்றைக்கு யாரையும் குறை சொல்ல முடியவில்லை, ஏனென்றால் அது என் பங்கு அறை.

வெளிச்சமும் காற்றும் புகையும் இல்லாத வீட்டில் மரம் சீக்கிரம் உளுக்கும். மூன்றாம் கட்டில் தினமும் மூன்று வேளை அடுப்பெரிந்த காலத்தில் அந்தப் புகையே பின்கட்டுக் கூரையை வண்டிடமிருந்து காத்தது என்று ஆசாரி சொல்வார். இப்போது அங்கே வௌவால்தான் இருக்கிறது. பெட்டகத்தில் வைத்த நகை அப்படியே இருக்கும் என்ற நினைப்பில் வீட்டையும் பூட்டி வைக்கிறோம். கூரையில் ஏற ஆள் இல்லாத வழிகளில் முதலாவது இது. செலவே இல்லாதது போலத் தோன்றுவதால் இதுதான் நம்மை அதிகம் ஏமாற்றுகிறது.

பிரித்து விற்பது

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் ஒரு நடை போனால் பிரிந்த வீடுகளின் வரலாறு முழுவதையும் பார்க்கலாம். நிலைக்கதவு, தூண், போதிகை, பெல்ஜியம் கண்ணாடி, இனாமல் தூக்குச்சட்டி, ஓலைக் கொட்டான், மரப்பாச்சி. அந்தக் கடைக்காரர்களை நான் திட்ட மாட்டேன். வீட்டில் உள்ளவர்கள் குப்பை என்று ஒதுக்கிய பலவற்றுக்கு மதிப்பு இருக்கிறது என்று முதலில் கண்டுகொண்டவர்களில் அவர்களும் உண்டு. அங்கே வாங்கிய பழைய தூணையும் சட்டத்தையும் வைத்து இன்னொரு பழைய வீட்டைச் சரி செய்பவர்களும் இருக்கிறார்கள். இன்று பழைய தேக்கு கிடைக்கும் வழிகளில் அதுவும் ஒன்று.

பிரித்து விற்ற குடும்பங்களையும் திட்ட மாட்டேன். மருத்துவச் செலவுக்கும் பெண் கல்யாணத்துக்கும் விற்றவர்கள் உண்டு. இடிந்து விழும் நிலையில் வேறு வழியில்லாமல் விற்றவர்களும் உண்டு.

ஆனால் கணக்கைச் சரியாகப் போட வேண்டும். வியாபாரி விலை சொல்வது மரத்துக்கு. சுண்ணாம்புச் சுவருக்கும், ஒரு வரியில் பார்த்தால் முகப்பிலிருந்து பின்வாசல் வரை தெரியும் அந்த அமைப்புக்கும் அவர் கணக்கில் விலை பூஜ்யம். தூணை எடுத்தால் வளவுக் கூரை நிற்காது. கூரை போன மறுவருஷமே சுவர் போகும். மிச்சம் காலி மனை. ஒன்பதாகப் பிரித்தால் ஆளுக்கு வரும் தொகையைப் பெரியண்ணன் ஒரு தாளில் எழுதிக் காட்டினார், கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். 1972-ம் வருடத் தொல்பொருள் சட்டப்படி, 100 வருடம் தாண்டிய சிற்ப வேலைப்பாட்டுப் பொருள்களைத் தனியார் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்யக் கூடாது. அவற்றை விற்கும் தொழில் செய்பவருக்கு உரிமம் வேண்டும். "வெளிநாட்டுப் பார்ட்டி இருக்கிறது" என்று ஆசை காட்டினால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

மற்ற எந்த வழியில் தவறினாலும் பத்து வருஷம் கழித்து மாற்றிக்கொள்ளலாம். இதில் மட்டும் முடியாது. அதனால் இதை மற்றவற்றோடு சமமாக வைத்து ஒப்பிடவே எனக்கு மனம் வரவில்லை. எல்லாம் பார்த்து முடித்த பிறகு, கடைசிக்குக் கடைசியாகப் பேச வேண்டியது இது.

ஹோட்டலுக்குக் கொடுப்பது

என் கேள்விக்குத் தெளிவான பதில் உள்ள வழி இது. கூரை ஒழுகினால் அன்றைக்கு ராத்திரி அறையில் தங்கியவர் பணம் திருப்பிக் கேட்பார், அதனால் கூரையில் ஏற ஆள் வைத்தே ஆக வேண்டும். கானாடுகாத்தானில் விசாலம், 1930-களில் ஒரு தகப்பனார் மகளுக்காகக் கட்டிய வீடு, இப்போது விடுதி. கடியாபட்டியில் சிதம்பர விலாஸ். கோத்தமங்கலத்தில் சாரதா விலாஸை இரண்டு பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர்கள் எடுத்துச் செப்பனிட்டு அங்கேயே விருந்தினரைத் தங்க வைத்தார்கள். காரைக்குடியில் 'பங்களா' என்ற விடுதி வந்த பிறகுதான் செட்டிநாட்டுச் சாப்பாட்டுக்கென்றே ஊர் தேடி வரலாம் என்று வெளியூர்க்காரர் பலருக்குத் தெரிந்தது. இப்படி ஒரு விடுதி ஊருக்குள் வந்தால் கொத்தனார், ஆசாரி, சமையல் ஆச்சிமார், கொட்டான் பின்னுபவர் என்று பலருக்கும் வேலை ஓடும். ஆசாரியின் பிள்ளை உளியைக் கீழே போடாமல் இருக்க இதுவும் ஒரு காரணம்.

மரத்துக்கு இதில் வரும் ஆபத்து தண்ணீர்க் குழாய். இந்த வீடுகள் அறைக்கு அறை குளியலறை என்ற எண்ணத்தில் கட்டப்பட்டவை அல்ல. அறைக்குள் குளியலறை வைத்தால் சுண்ணாம்புச் சுவருக்குள் குழாய் ஓடும், அது என்றைக்காவது கசியும். கசிவு சுவரில் புதைந்த உத்திர முனைக்குப் போய்ச் சேரும். நல்ல செப்பனிடுபவர்கள் இரட்டை அறைகளில் ஒன்றைத் தனியாகத் தடுத்தோ, பழைய கட்டடத்தை ஒட்டிப் புதிதாகக் கட்டியோ இதைத் தவிர்ப்பார்கள். அவசரக்காரர்கள் சிமெண்டைப் பூசி, மரத்துக்குப் பளபளவென்று வார்னிஷ் அடித்துத் திறப்பு விழா வைப்பார்கள். சுண்ணாம்பு மூச்சு விடும், சிமெண்ட் விடாது. உள்ளே புகுந்த ஈரம் வெளியேற வழியில்லாமல் மரத்தைத் தேடிப் போகும். மூன்று வருஷம் அழகாக இருக்கும். அதற்குப் பிறகு தெரியும்.

இன்னொன்று, இடம். கானாடுகாத்தானுக்கும் காரைக்குடிக்கும் வருகிற பயணி எல்லா ஊருக்கும் வர மாட்டார். சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் 70-க்கும் மேற்பட்ட செட்டிநாட்டு ஊர்கள் இருக்கின்றன. எல்லாவற்றிலும் ஆளுக்கொரு விடுதி திறந்தால் அறைகள் காலியாகக் கிடக்கும். வருமானம் குறைந்த விடுதி முதலில் நிறுத்துவது கூரை வேலையைத்தான்.

மனசுக்குக் கஷ்டமான விஷயம் கடைசி. நம் படைப்புக்கு நாமே அனுமதி கேட்டுப் போக வேண்டும். இதை எழுதி வாங்கிவிட்டால் பாதி வருத்தம் போய்விடும். குத்தகை ஒரு வருடத்துக்கு மேல் என்றால் பதிவு செய்தே ஆக வேண்டும், வெள்ளைத் தாள் ஒப்பந்தம் செல்லாது. அதில் இவை இருக்கட்டும்: வருஷத்தில் எந்த நாள்கள் வீடு குடும்பத்துக்கு, கூரைச் செலவு யாருடையது, சிமெண்டும் புது ஓட்டையும் கூடாது என்ற நிபந்தனை, தூண் தூணாக, நிலை நிலையாகப் புகைப்படத்தோடு பட்டியல், உள்குத்தகைக்கும் சினிமாப் படப்பிடிப்புக்கும் நம் சம்மதம், திருப்பித் தரும்போது எந்த நிலையில் தர வேண்டும் என்பது. எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பம் இதெல்லாம் எழுதாமல் கொடுத்துவிட்டு, படப்பிடிப்புக்காகத் தூணில் ஆணியடித்து நீலச் சாயம் பூசியதைப் பிறகு பார்த்து அழுதது. சாயத்தைச் சுரண்டியெடுத்தால் இழைப்பின் கூர்மை திரும்ப வராது.

பெயர்த்துக் கொண்டுபோவது

ஒரு வீட்டைப் பிரித்து வேறு இடத்தில் திரும்ப நிறுத்துவது மரத்துக்குப் புதிதில்லை. மரவேலை முழுக்கப் பொருத்துதான். பொருத்துக்குப் பொருத்து எண் போட்டுக் கழற்றினால் இன்னோர் இடத்தில் அப்படியே நிறுத்தலாம். சுவீடனில் ஸ்கான்சன் 1891-லேயே இதைத் தொடங்கியது. சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் 1996-ல் திறந்த தக்ஷிணசித்ராவில் கேரளத்து மர வீடுகளையும் செட்டிநாட்டு வீட்டையும் இந்த முறையில்தான் பார்க்கிறோம். மரச் சுவரே உள்ள கேரளத்து வீட்டுக்கு இது அழகாகப் பொருந்தும். நம் வீட்டில் பாதி கனம் சுண்ணாம்பும் செங்கல்லும், அது வண்டியில் ஏறாது. போவது முகப்பும் தூணும்தான்.

போனதும் தெரு போய்விடும். ஒரு தெருவில் முகப்பும் மறு தெருவில் பின்வாசலுமாக நீளும் வீடு, அதே வரிசையில் பத்து வீடுகள், கூரைத் தண்ணீர் இறங்கும் வழி, கொஞ்ச தூரத்தில் ஊருணி, அப்பால் கோவில். இதெல்லாம் சேர்ந்ததுதான் வீடு. இருந்தாலும் இடிந்துகொண்டிருக்கும் வீடு, பங்காளிகள் ஒத்துவராத வீடு என்றால், சில்லறையாக விற்பதைவிட மொத்தமாக ஓர் அருங்காட்சியகத்துக்குக் கொடுப்பது ஆயிரம் மடங்கு மேல். பள்ளிக்கூடப் பிள்ளைகளாவது திண்ணையில் உட்கார்ந்து பார்ப்பார்கள்.

அரசு பார்த்துக்கொள்ளட்டும் என்றால்

இதைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். அரசு எடுத்துக் காத்த மரக் கட்டடத்துக்கு நம் பக்கத்திலேயே பெரிய எடுத்துக்காட்டு பத்மநாபபுரம் அரண்மனை. 1956-ல் கன்னியாகுமரி தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகும், தக்கலைக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த அரண்மனையைக் கேரளத் தொல்லியல் துறைதான் பராமரிக்கிறது. ஆறரை ஏக்கரில் நிற்கும் அந்தச் சாய்வுக் கூரைகளைப் பார்க்கும்போதெல்லாம், மரம் நல்ல கையில் கிடைத்தால் எத்தனை நூற்றாண்டு நிற்கும் என்று தெரிகிறது. ஆனால் அது அரண்மனை. ஒன்பது பங்கு வீட்டுக்கு அரசு ஆசாரி அனுப்பாது. செட்டிநாட்டு ஊர்த் தொகுதி 2014-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் சேர்ந்தது பெருமைதான். அந்தப் பட்டியல் யார் வீட்டுக்கும் சட்டப் பாதுகாப்பு தராது, ஓடு வாங்கக் காசும் தராது. தமிழ்நாட்டில் 2012-ல் பாரம்பரிய ஆணையச் சட்டம் வந்தது. அது நன்றாக நடந்தால் தெருவின் முகத்தைக் காக்க உதவும். கூடல்வாய்க்கு அது உதவாது.

பங்காளிகளே சேர்ந்து நடத்துவது

ஒரு குடும்ப அறக்கட்டளையோ பதிவு செய்த ஒப்பந்தமோ போட்டு, வருஷச் சந்தா வைத்து, வீட்டை உயிரோடு வைத்திருப்பது. பேச்சில் இது எல்லாருக்கும் பிடிக்கும். ஆள் கூட்டுவதுதான் சிரமம். 1989-ல் தமிழ்நாட்டிலும் 2005-ல் நாடு முழுவதும் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகள்களுக்கும் பங்கு என்று சட்டம் வந்தது. ஆனாலும் ஊர் வழக்கத்தில் கூட்டத்துக்கு அவர்களைக் கூப்பிடாத வீடுகள் இன்னும் இருக்கின்றன. அது நியாயமில்லை என்பது ஒரு பக்கம். நாளைக்கு எந்தப் பத்திரத்துக்கும் அவர்கள் கையெழுத்து வேண்டும் என்பது இன்னொரு பக்கம். எங்கள் வீட்டில் கூரை ஒழுகுவதை முதலில் கவனித்து எல்லாருக்கும் படம் அனுப்பியவர் எங்கள் அக்காள்.

வருமானத்துக்கு வழி இருக்கிறது. முகப்பையும் முதல் கட்டையும் கல்யாணத்துக்கும் மணிவிழாவுக்கும் விடலாம். நாலு அறையை மட்டும் தங்கும் அறையாக்கி, குளியலறையைப் பின்புறத் தோட்டத்தில் தனியாகக் கட்டலாம். ஹோட்டல் அளவுக்குப் பணம் வராது, கூரைச் செலவுக்கு வந்தால் போதும்.

செப்பனிடும் முறையைப் பற்றித்தான் பங்காளிகள் நடுவில் பெரிய கருத்து வேறுபாடு. "உளுத்ததை எல்லாம் பிடுங்கிவிட்டு இரும்புக் குழாயில் கூரை போட்டால் நாற்பது வருஷம் கவலையில்லை" என்கிறார்கள் சிலர். "ஒரு துண்டு மரம் மாற்றினாலும் அது பழைய வீடு இல்லை" என்கிறார்கள் வேறு சிலர். இரண்டையும் தாண்டி உலகம் வெகு தூரம் யோசித்திருக்கிறது. ஜப்பானில் இசே கோவிலை 20 வருடத்துக்கு ஒருமுறை பக்கத்து மனையில் புதிதாகவே கட்டுகிறார்கள். கடைசியாக 2013-ல், அடுத்தது 2033-ல். மரம் புதிது, வேலை பழையது. தாத்தா செய்த பொருத்தைப் பேரன் கையால் செய்து பழகுகிறான். ரஷ்யாவில் கிழி தீவில் 1714-ல் கட்டிய, 22 குவிமாடம் கொண்ட மரத் தேவாலயத்துக்கு வேறு வழி எடுத்தார்கள். மேல் அடுக்குகளை இரும்புச் சட்டத்தில் தாங்கிப் பிடித்துக்கொண்டு, கீழிருந்து அடுக்கு அடுக்காகக் கழற்றி, கெட்ட கட்டையை மட்டும் மாற்றி, நல்லதைத் திரும்ப அதே இடத்தில் வைத்தார்கள். வேலை 2020-ல் முடிந்தது.

நமக்குச் சரிப்படுவது அந்தக் கிழித் தீவு வழி. கைமரத்தின் முனை மட்டும் போயிருந்தால் முனையை மட்டும் வெட்டி, அதே சாதி மரத்தில் ஒட்டுக் கொடுத்துப் பொருத்தலாம். கூரை மரத்துக்கு முந்திரிக்கொட்டை எண்ணெய், சுவருக்குச் சுண்ணாம்பு. எங்கள் ஊர்ப் பக்கத்தில் இந்த வேலை தெரிந்த ஆசாரி ஒருவரிடம் கேட்டபோது, "செய்யலாம் அய்யா, ஆனால் வருஷத்துக்கு ஒரு வீட்டு வேலையை நம்பி நான் இங்கே இருக்க முடியாது" என்றார். அது நியாயமான பேச்சு. அதனால் ஒரு வீட்டுப் பங்காளிகள் சேர்ந்தால் போதாது. ஒரே தெருவில் நாலு வீடு சேர்ந்து, ஆவணியில் தொடங்கி வரிசையாக ஓடு பிரித்து மேய்வதற்கு அவரை அமர்த்தினால் அவருக்கும் தொடர்ந்து வேலை, நமக்கும் சாரம் கட்டும் செலவு பங்காகும்.

என் பக்கம்

பெரியண்ணனுக்கு எழுதிய கடிதத்தில் என் முடிவை மறைக்காமல் சொல்லிவிட்டேன். எங்கள் வீடு பெருஞ்சாலையிலிருந்து தள்ளி இருக்கிறது, பயணிகள் வந்து குவியும் ஊர் இல்லை. அதனால் முழு வீட்டையும் ஹோட்டலுக்குக் கொடுப்பது எங்களுக்கு ஒத்துவராது. கானாடுகாத்தானில் இருந்தால் ஒருவேளை வேறு மாதிரி எழுதியிருப்பேன். பங்காளிகள் சேர்ந்து நடத்தும் வழிதான் எங்களுக்கு. ஐந்து வருஷம் அதை நேர்மையாக முயன்று பார்ப்போம். முடியவில்லை என்றால் நல்ல நிபந்தனைகளோடு குத்தகை. அதற்கும் ஆள் வரவில்லை என்றால் அருங்காட்சியகம். தூண் வியாபாரிக்கு இப்போதே பதில் சொல்லிவிடலாம்.

எந்த வழி என்று இன்னும் ஒரு வருஷம் பேசினாலும் பரவாயில்லை, கூடல்வாயை மட்டும் இந்தப் புரட்டாசிக்குள் சரி செய்தாக வேண்டும் என்றும் எழுதினேன். அதற்குச் சந்தா வேண்டாம், அறக்கட்டளை வேண்டாம். ஒன்பது அறைகளையும் ஆசாரிக்குத் திறந்துவிட்டால் போதும்.

பதில் வரத் தொடங்கியிருக்கிறது. இரண்டு பேர் ஹோட்டல்தான் என்கிறார்கள், ஒருவர் இன்னும் விற்கலாம் என்கிறார். ஆனாலும் ஏழு சாவி பெரியண்ணன் கைக்கு வந்துவிட்டது. சிங்கப்பூர்ச் சாவியைத் தம்பி ஒருவர் வரும் வெள்ளிக்கிழமை கொண்டுவருகிறார். அமெரிக்காவில் இருக்கும் அண்ணன், "சாவி எங்கே வைத்தேன் என்றே தெரியவில்லை, பூட்டை உடைத்துக்கொள்ளுங்கள்" என்று செய்தி அனுப்பியிருக்கிறார்.